போர்ட்டலில் பெயர் கொடுப்பதற்கு முன்: இடம் மாற நினைக்கும் ஒரு கல்லூரி கேட்சரின் தந்தைக்கு

ஹூஸ்டனில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகன் வேறு மாநிலத்தில், நடுத்தர வலிமையுள்ள ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கல்லூரியின் பேஸ்பால் அணியில் கேட்சர், அதாவது பந்து வீசும் பிட்சருக்கு எதிரே குந்தியிருந்து அதைப் பிடிப்பவர். முதல் ஆண்டு ரெட்ஷர்ட், அதாவது அணியோடு பயிற்சி செய்தாரே தவிர ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. இரண்டாம் ஆண்டில் 14 ஆட்டங்களில் இறங்கி 31 முறை பேட் செய்தார். சீசன் முடிந்ததும் நடந்த தனிச் சந்திப்பில் தலைமைப் பயிற்சியாளர், “நீ எங்களோடு இருக்க வேண்டும் என்றே விரும்புகிறோம், ஆனால் போர்ட்டலிலிருந்து இன்னொரு கேட்சரை எடுக்கப் போகிறோம்” என்றாராம். போர்ட்டல் என்பது இடம் மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல். மகன் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்; இதுவரை 62 கிரெடிட், அதாவது பாட அலகு, முடித்திருக்கிறார். போர்ட்டலில் பெயர் கொடுக்கலாமா, கொடுத்தால் இன்னும் பெரிய கல்லூரியாகத் தேடுவதா, இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிக்குப் போவது கௌரவக் குறைச்சலா என்று கேட்கிறார்.

கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பு ஆலோசகராகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து வருகிறேன். ஜூன் மாதம் பிறந்தால் இதே கதை வேறு வேறு முகங்களோடு என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விவரித்த நிலைமை உண்மையென்றால் உங்கள் மகன் இடம் மாறுவதே நல்லது. ஆனால் எங்கே போவது என்பதைச் சட்டையில் எழுதியிருக்கும் கல்லூரிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த பிப்ரவரியில் எந்த அணியின் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஆள் தேவைப்படும், அந்தக் கல்லூரி அவருடைய 62 கிரெடிட்டில் எத்தனையை இன்ஜினியரிங் பட்டத்துக்கென்று கணக்கில் எடுக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் நல்ல பதில் கிடைத்தால், அது யாரும் கேள்விப்படாத கல்லூரியாக இருந்தாலும் போகலாம்.

அவர் கேட்சர் என்பதால் மற்ற வீரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. டிவிஷன் 1 அணி பிப்ரவரி நடுவில் தொடங்கி, சீசனுக்குப் பிந்தைய பட்டப் போட்டிகளைச் சேர்க்காமல் 56 ஆட்டங்கள் வரை ஆடுகிறது. வழக்கமான வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடு தொடர். இடையில் செவ்வாயோ புதனோ ஓர் ஆட்டம். வெள்ளியும் சனியும் முதல் கேட்சருக்கு உரியவை. இரண்டாமவருக்கு வார நடு ஆட்டமும், முதலாமவரின் முழங்கால் ஓய்வு கேட்கும் சில ஞாயிறுகளும் கிடைக்கும். மூன்றாமவருக்கு ஆட்டம் கிடைக்காது, ஆனால் வேலை நிறைய இருக்கும். அணியில் பதினைந்துக்கும் மேற்பட்ட பிட்சர்கள் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் வாரத்தில் பலமுறை புல்பென் என்ற பயிற்சி வீச்சு இடத்தில் வீசியாக வேண்டும், எதிரே குந்தியிருந்து அதைப் பிடிக்க ஒருவர் வேண்டும். ஆகவே, ஆடப் போகாத கேட்சரும் பயிற்சியாளருக்கு விலைமதிப்புள்ளவரே. ஆடப் போகாத இரண்டாம் பேஸ்காரரிடம், அதாவது இரண்டாவது தளத்தைக் காப்பவரிடம், “நீ போய்விடுவதே உனக்கு நல்லது” என்று சொல்லும் அதே பயிற்சியாளர், கேட்சரிடம் “இரு” என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் உங்கள் மகனை உண்மையாகவே விரும்புகிறார், புல்பென்னில். “இரு” என்ற சொல்லை “ஆட வைப்பேன்” என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான் குடும்பங்கள் செய்யும் தவறு.

எனவே முடிவெடுக்கும் முன் தம்பி இன்னொரு முறை பயிற்சியாளரைச் சந்திக்க வேண்டும். தனியாக, கோபம் இல்லாமல், அம்மா அப்பா இல்லாமல். “எனக்கு வாய்ப்பு இருக்கிறதா” என்று கேட்டால் “போட்டி போடு, பார்க்கலாம்” என்ற பதில்தான் வரும். எந்தப் பயிற்சியாளரும் அதற்கு வேறு பதில் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக, “வருகிறவர் ஆரோக்கியமாக இருந்தால், வார நடு ஆட்டங்களில் யார் பிடிப்பார்கள்? நான் அவரை முந்த வேண்டுமானால் எதில் முன்னேற வேண்டும்?” என்று கேட்கட்டும். பந்து வீசப்படும்போதே அடுத்த தளத்துக்குத் திருடி ஓடுபவனை இரண்டாம் பேஸில் வீழ்த்தும் எறிதலுக்கு, பந்து கையுறையில் விழுந்த கணத்திலிருந்து இரண்டாம் பேஸ் சேரும் கணம் வரை எத்தனை நொடி என்று ஒரு கணக்கு இருக்கிறது. பாப் டைம் என்பார்கள். நல்ல கல்லூரி கேட்சருக்கு அது இரண்டு நொடியை ஒட்டி இருக்கும். “உன் பாப் டைம் இன்னும் இவ்வளவு குறைய வேண்டும், மண்ணில் விழும் பந்துகளைத் தடுப்பது தேற வேண்டும், அப்படியானால் செவ்வாய் உனக்கு” என்று பயிற்சியாளர் குறிப்பாகச் சொன்னால் அது வேறு கதை. அப்போது இருப்பதும் ஒரு நியாயமான முடிவே. பொதுப்படையாகப் பேசி முதுகில் தட்டி அனுப்பினால், அதுவே பதில்.

இவ்வளவு பேர் ஏன் இடம் மாறுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் மகன் இறங்கப் போகும் கூட்டத்தின் அளவு அதில்தான் தெரியும். போர்ட்டலை என்.சி.ஏ.ஏ., அதாவது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு, 2018 அக்டோபரில் தொடங்கியது. அப்போதும் பேஸ்பாலில் ஒரு டிவிஷன் 1 கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. 2021-இல் ஒரு முறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024 ஏப்ரலில், நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு, படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. மறுபக்கம், தொழில்முறை மேஜர் லீக் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முன்பு 40 சுற்றாக இருந்தது. 2021 முதல் 20 சுற்றுதான். அதே ஆண்டு அவற்றின் கீழுள்ள மைனர் லீக் அணிகளையும் 120 ஆகக் குறைத்தார்கள். முன்பு பத்தொன்பது வயதில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கக்கூடிய பலர் இப்போது கல்லூரியிலேயே இருக்கிறார்கள்.

அதற்கு மேல் 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த, ஹவுஸ் வழக்கு என்று அழைக்கப்படும் வழக்கில் சமரசத் தீர்வுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். அந்தத் தீர்வில் சேர்ந்த கல்லூரிகளில் பேஸ்பால் ரோஸ்டர், அதாவது அணிப் பட்டியல், 34 பேருக்கு மேல் போகக் கூடாது. முன்பு 40 பேர் வரை வைத்திருந்த அணிகள் உண்டு. 34-இல் பதினேழு பேர் பிட்சர்கள் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் பதினேழு; அதில் கேட்சர்களுக்கு மூன்று இடம். இதனால் பெரிய கல்லூரிகள் வளர்த்தெடுக்க வேண்டிய இளைஞனைவிட, வேறெங்கோ இருநூறு முறை பேட் செய்து நிரூபித்தவனையே தேடுகின்றன. 31 முறை பேட் செய்த ஒருவர் “இன்னும் பெரிய கல்லூரி” என்று மேலே பார்ப்பதற்கு இது உகந்த காலம் அல்ல. தம்பியின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. போர்ட்டலில் ஒரு பயிற்சியாளர் முதலில் திறந்து பார்ப்பது ஆட்டக் கணக்கைத்தான். அங்கே காட்ட அவரிடம் இன்னும் எதுவும் சேரவில்லை.

போர்ட்டலுக்குள் போவது எளிது. கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டால், இரண்டு வேலை நாளுக்குள் அவர்கள் பெயரை ஏற்ற வேண்டும்; பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. பேஸ்பாலுக்கான கால அவகாசம், தேசியப் போட்டிக்குரிய 64 அணிகள் அறிவிக்கப்பட்டதை அடுத்துத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும். இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சரியான தேதியை அதே அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அவகாசத்துக்குள் பெயர் ஏறினால் போதும், போகும் இடத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தலைமைப் பயிற்சியாளர் விலகினால் அந்த அணிக்குத் தனி அவகாசம் திறக்கும்.

உள்ளே போவது எளிது என்றேன். திரும்புவது அப்படி இல்லை. பெயர் ஏறிய பிறகு தற்போதைய கல்லூரி அடுத்த பருவத்திலிருந்து உதவித்தொகையை நிறுத்தலாம், அந்த 34-இல் அவருடைய இடத்தை அன்றே வேறொருவருக்குக் கொடுக்கலாம். பெயரைத் திரும்பப் பெற்றாலும் பயிற்சியாளர் மீண்டும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர். ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுக்கிறார்கள், ஒரு பகுதியினருக்கு எந்த அழைப்பும் வருவதில்லை. பெயர் ஏறும் முன் வேறு கல்லூரியின் பயிற்சியாளர்கள் உங்களோடு பேசுவது விதிமீறல். நடுவில் ஒரு பழைய பயிற்சியாளர் தூது போவது ஊரறிந்த ரகசியம்தான். ஆனால் “பெயர் கொடுத்தால் போதும், எடுத்துக்கொள்வோம்” என்று யாரோ சொன்னதாக யாரோ சொன்னதை நம்பிக் கையிலிருக்கும் இடத்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எங்கே என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஒரு மாலைப் பொழுதும், ஒரு தாளும் பேனாவும் போதும். மகனோடு உட்கார்ந்து ஒரு கல்லூரியின் பேஸ்பால் ரோஸ்டர் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். கேட்சர்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். நான்கு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த ஆண்டு மாணவர், எத்தனை ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினார் என்று புள்ளிவிவரப் பக்கத்திலிருந்து எடுத்து எழுதுங்கள். முதலாமவர் நான்காம் ஆண்டு, 48 ஆட்டம், போகிறார். இரண்டாமவர் மூன்றாம் ஆண்டு, 9 ஆட்டம். அவரும் போர்ட்டலில் இருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாமவர் முதல் ஆண்டு, 3 ஆட்டம். நான்காமவர் ரெட்ஷர்ட். இப்போது அதே கல்லூரி கடந்த நவம்பரில் கையெழுத்து வாங்கிய பள்ளி மாணவர்களின் செய்திக் குறிப்பைத் தேடுங்கள். அதில் கேட்சர் யாரேனும் உண்டா? பிறகு கடந்த இரண்டு கோடைகளில் அந்தப் பயிற்சியாளர் போர்ட்டலிலிருந்து எந்தெந்த இடங்களுக்கு ஆள் எடுத்தார், எடுத்தவர்கள் ஆடினார்களா, உட்கார்ந்தார்களா என்று பாருங்கள். மேலே சொன்ன அணியில் 48 ஆட்டத்துக்கு ஆள் வேண்டும், கையில் இருப்பவர்களோ மூன்று ஆட்ட அனுபவம் உள்ளவர்கள். அங்கே தம்பிக்கு வேலை இருக்கிறது. முதலாமவர் இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்து நன்றாக அடித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு அழகான மைதானமாக இருந்தாலும் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடலாம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளைப் பார்த்த பிறகு மிஞ்சும் மூன்று நான்கு பெயர்களில் பாதியை நீங்கள் இதற்கு முன் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

பால் ஸ்கீன்ஸை உதாரணம் காட்டாத வீடு இப்போது இல்லை என்று நினைக்கிறேன். விமானப்படை அகாடமியில் இரண்டு ஆண்டுகள் கேட்சராகவும் பிட்சராகவும் ஆடியவர், 2022 கோடையில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்.எஸ்.யு.வுக்கு, மாறினார். 2023-இல் பிட்சராக 209 பேட்டர்களை ஸ்டிரைக் அவுட் செய்து, அணி தேசியப் பட்டம் வென்று, அதே ஜூலையில் டிராஃப்டின் முதல் வீரராகப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குப் போனார். இந்தக் கதையில் வீடுகளில் சொல்லப்படாத பகுதிகள் இரண்டு. அவர் மாறும்போது ஏற்கனவே தினமும் ஆடி நிரூபித்த வீரர். பெஞ்சிலிருந்து போனவர் அல்லர். இரண்டாவது, அவரைச் செதுக்கிய பிட்சிங் பயிற்சியாளர் வெஸ் ஜான்சன், ஓர் ஆண்டுக்குள்ளேயே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

அந்த ஜார்ஜியாவில் அப்போது சார்லி காண்டன் என்றொருவர் இருந்தார். உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, உங்கள் மகனைப் போலவே 2022-ஐ ரெட்ஷர்ட்டாகக் கழித்தவர். அவர் எங்கும் போகவில்லை. 2023-இல் 25 ஹோம் ரன். நடுவில் பயிற்சியாளர் மாறி ஜான்சன் வந்தார். 2024-இல் 37 ஹோம் ரன் அடித்து, நாட்டின் சிறந்த அமெச்சூர் வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது பெற்று, டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டார். ஆக, ரெட்ஷர்ட் ஆண்டு ஒரு அவமானம் அல்ல. ஆனால் ரெட்ஷர்ட்டுக்கு அடுத்த ஆண்டே காண்டனுக்குத் தினசரி ஆட்டம் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்குக் கிடைத்தது 31 பேட்டிங் வாய்ப்பு.

பயிற்சியாளரை நம்பிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூனை நினைவுபடுத்துவேன். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி ஓமஹாவில் தேசியப் பட்டத்துக்கான இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் டென்னசியிடம் தோற்றது. மறுநாளே அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல் பரம எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரை நம்பி வந்த பிள்ளைகள் அங்கேயே நின்றார்கள். எனவே பயிற்சியாளர் மட்டும்தான் காரணம் என்றால் போகவேண்டாம்; அவர் போன பிறகும் அந்த ஊரில், அந்தப் படிப்பில், அந்தச் செலவில் இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

படிப்பு விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது என் தொழில்; மேலும் இதில்தான் நானே ஒரு பிள்ளைக்குத் தவறிழைத்தேன். டிவிஷன் 1-இல், மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் 40 சதவீதமும், நான்காம் ஆண்டு தொடங்கும்போது 60 சதவீதமும், ஐந்தாம் ஆண்டு தொடங்கும்போது 80 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். ரெட்ஷர்ட் ஆண்டும் இதில் ஓர் ஆண்டுதான். இதில் வலை எங்கே இருக்கிறது என்றால், புதிய கல்லூரி “ஏற்றுக்கொள்ளும்” கிரெடிட் வேறு, “பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கும்” கிரெடிட் வேறு. தகுதி பார்ப்பது இரண்டாவதை வைத்து. புதிய கல்லூரியில் மெக்கானிக்கல் பட்டத்துக்கு 128 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் என்பது 51.2. தம்பியின் 62-இல் அவர்கள் 59-ஐ ஏற்கிறார்கள், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவர் படித்த ஸ்டாட்டிக்ஸ் பாடத்தையும், ஒரு நிரலாக்கப் பாடத்தையும், இன்னும் சிலவற்றையும் “விருப்பப் பாடம்” என்று ஒதுக்கிவிட்டால் பட்டத்துக்கு நிற்பது 47. ஐந்து கிரெடிட் குறைவு. கோடையில் மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டு எடுத்தால் 53 ஆகிவிடும், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதை ஜூன் மாதம் கண்டுபிடித்தால்தான் தீரும். பேஸ்பாலில் இலையுதிர் பருவத் தொடக்கத்தில் தகுதி இல்லையென்றால், வசந்தத்துக்குள் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இடக்கை பிட்சர் எங்கள் கல்லூரியிலிருந்து மாறினார். கணக்கியல் படித்தவர், நல்ல மதிப்பெண். புதிய கல்லூரியிலிருந்து “எல்லாம் டிரான்ஸ்பர் ஆகும்” என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நானும் அதைப் படித்துவிட்டு, சரி, போய் வா என்றேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். மூன்று கணக்கியல் பாடங்கள் விருப்பப் பாடங்களாகப் போயிருந்தன. கோடை வகுப்புகள் முடிந்துவிட்டிருந்தன. அந்த வசந்தம் முழுவதும் அவர் மைதானத்தில் வேகமானியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் பந்துகளைக் குறித்துக்கொண்டிருந்தார். “எல்லாம் டிரான்ஸ்பர் ஆகும்” என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. பாடம் பாடமாக, புதிய கல்லூரியின் பட்டத் திட்டத்தோடு ஒப்பிட்ட ஒரு தாள், அந்த இன்ஜினியரிங் துறையின் ஆலோசகர் எழுதிக் கொடுத்தது, கைக்கு வரும்வரை சம்மதம் சொல்லவேண்டாம். “மேஜரை மாற்றிக்கொண்டால் எல்லா கிரெடிட்டும் கணக்கில் வந்துவிடும்” என்று ஒரு பயிற்சியாளர் சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கும். இரண்டு ஆண்டுகள் கால்குலஸோடு மல்லுக்கட்டிய பிள்ளையை அதற்காக இன்ஜினியரிங்கை விடச் சொல்லும் இடத்துக்கு, என் பிள்ளையாக இருந்தால் நான் அனுப்ப மாட்டேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முன்பு ஒரு டிவிஷன் 1 பேஸ்பால் அணிக்கு மொத்தமே 11.7 உதவித்தொகைதான்; அதை முப்பது பேர் அளவில் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது 34 பேருக்கும் முழுத் தொகை கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் அவ்வளவு பணம் ஒதுக்கும் கல்லூரிகள் சிலவே. எனவே சதவீதத்தைக் கேட்டு மயங்காதீர்கள். வெளிமாநிலக் கல்லூரியின் ஆண்டுச் செலவு 54,000 டாலர், அவர்கள் 40 சதவீதம் தருகிறார்கள் என்றால் நீங்கள் கட்டுவது 32,400. டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் உள்மாநிலச் செலவு 29,000 என்றால், ஒரு காசு உதவி இல்லாமலே அது மலிவு. அந்தத் தொகை எத்தனை ஆண்டுக்கு, காயம் பட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் பெறுங்கள். பெயரையும் முகத்தையும் பயன்படுத்த விளம்பரதாரர்கள் தரும் என்.ஐ.எல். பணம், 31 முறை பேட் செய்தவருக்கு ஒரு கணக்கே அல்ல. உங்கள் மகன் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா 21 வயதோடு முடிகிறது, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஐ-20 ஆவணத்தைப் புதிய கல்லூரிக்கு மாற்ற வேண்டும், என்.ஐ.எல். வருமானம் அந்த விசாவுக்குச் சிக்கலை உண்டாக்கலாம். இதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், பயிற்சியாளரிடம் அல்ல.

ஜூனியர் கல்லூரி கௌரவக் குறைச்சலா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில் சான் ஜாசிண்டோ கல்லூரி இருக்கிறது. ரோஜர் கிளெமென்ஸும் ஆண்டி பெட்டிட்டும் ஆடிய இடம். 2010 டிராஃப்டின் முதல் வீரர் பிரைஸ் ஹார்ப்பர் தெற்கு நெவாடாவில் ஒரு ஜூனியர் கல்லூரியிலிருந்துதான் வந்தார். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் மகனுக்கு அது வேண்டாம் என்பேன், காரணம் வேறு. அங்கே முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள்தான் உண்டு. அவர் அவற்றை ஏறக்குறைய முடித்துவிட்டார். தெர்மோடைனமிக்ஸும் மெஷின் டிசைனும் படிக்க வேண்டிய ஆண்டை அங்கே கழித்தால், எத்தனை ஆட்ட வாய்ப்பு கிடைத்தாலும் அடுத்த ஆண்டு அந்த 60 சதவீதத்தில் மாட்டிக்கொள்வார். நான்காண்டுக் கல்லூரியிலிருந்து ஜூனியர் கல்லூரிக்குப் போய் மறுபடி நான்காண்டுக் கல்லூரிக்கு வருபவர்களுக்குத் தனி நிபந்தனைகளும் உண்டு. முதல் ஆண்டு முடித்த, பொதுப்பாடங்களே மீதமுள்ள ஒரு பையன் இதைக் கேட்டிருந்தால் என் பதில் நேர்மாறாக இருந்திருக்கும்.

டிவிஷன் 2-ஐயும் 3-ஐயும் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டைலர் வளாகமான யு.டி. டைலர் 2018-இல் டிவிஷன் 3 தேசியப் பட்டம் வென்று, பிறகு டிவிஷன் 2-க்கு ஏறிய கல்லூரி. அங்கே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் உண்டு, உள்மாநிலக் கட்டணம். சான் அன்டோனியோவில் டிரினிட்டி பல்கலைக்கழகம் 2016-இல் டிவிஷன் 3 பட்டம் வென்றது. விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது என்றாலும் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் உதவி உண்டு. டிவிஷன் 1-இலேயே இருக்க வேண்டுமானால் போமாண்டில் லாமார், ஆர்லிங்டனில் யு.டி. ஆர்லிங்டன் போன்றவற்றின் கேட்சர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அவருடைய படிப்பு இருக்கிறது. சான் அன்டோனியோ வளாகமான யு.டி.எஸ்.ஏ.யையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் 2025-இல் ஆஸ்டினுக்கே போய் டெக்சாஸை வீழ்த்தி, தேசியப் போட்டியின் முதல் கட்டமான ரீஜனலை வென்ற பிறகு அங்கே வரிசை நீளமாகத்தான் இருக்கும். டிவிஷன் 2-இல் நாற்பது ஆட்டம் பிடித்து, பட்டத்தையும் முடித்து, மிச்சமிருக்கும் தகுதி ஆண்டோடு மேற்படிப்புக்காக டிவிஷன் 1-க்கு வருகிற கேட்சர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சியாளர்கள் தேடி அழைக்கிறார்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இதுதான். தம்பி கோடை லீக் எதிலாவது தினமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த லீக் என்பது முக்கியமல்ல. மூன்று நிமிட வீடியோ ஒன்று: ஹோம் ரன்கள் அல்ல, இரண்டாம் பேஸுக்கு எறிதல், மண்ணில் விழும் பந்தைத் தடுத்தல், ஸ்டிரைக் எல்லையின் ஓரத்தில் வரும் பந்தை அசையாமல் வாங்குதல். மின்னஞ்சலை அவரே எழுதட்டும், உங்கள் பெயர் அதில் எங்கும் வர வேண்டாம். அப்பா எழுதிய மின்னஞ்சலைப் பயிற்சியாளர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தற்போதைய அணியின் பிட்சர்களில் ஒருவர், “இவன் பிடித்தால் எனக்குத் தைரியமாகத் தாழ்வாக வீச வரும்” என்று சொல்ல முன்வந்தால், அந்தத் தொலைபேசி எண் எந்தப் புள்ளிவிவரத்தையும் விடப் பெரிது. எந்தக் கல்லூரிக்கு நேரில் போனாலும் பயிற்சியாளர் காட்டும் எடைப்பயிற்சி அறையைப் பார்த்துவிட்டு, அங்கே கடந்த ஆண்டு மூன்றாம் கேட்சராக இருந்தவரைத் தனியாகச் சந்திக்க முடியுமா என்று தம்பி கேட்கட்டும். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, துறை ஆலோசகரின் தாளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் பதில் சொல்லலாம்.